ஒரே விலாசத்து ஓரகத்தி

அவளைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதித் தரும்படி யாராவது கேட்டிருந்தால் முடியாது என்று சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அவள் என் ஓரகத்தி. என் கொழுந்தனாரின் மனைவி. நான் கண்டனூர் வீட்டுக்கு மருமகளாக வந்து மூன்று வருஷம் கழித்து அவள் வந்தாள். நான் தமிழ் எம்.ஏ., முதல் வகுப்பு. அவள் பத்தாவதில் கணக்கில் கோட்டை விட்டவள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாற்பது வருஷமாக இதைச் சொல்ல எனக்குச் சரியான இடம் அமையவில்லை.

எங்களில் கல்யாணமானால் பெண்ணுக்குக் கொடுத்த சாமான்களையெல்லாம் பரப்பி வைப்பார்கள். வருகிறவர்கள் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போவார்கள். வெள்ளி ஒரு பக்கம், எவர்சில்வர் ஒரு பக்கம், பாய், தலையணை, ஊறுகாய் ஜாடி வரைக்கும் இருக்கும். என் கல்யாணத்தில் பரப்பியதைப் பார்த்துவிட்டு ஊரே மூக்கின்மேல் விரலை வைத்தது. அந்தப் பெருமை மூன்று வருஷம் நின்றது. அவள் கல்யாணத்தன்று சாமான் வரிசையின் கடைசியில் ஒரு டிரங்குப் பெட்டி திறந்து கிடந்தது. உள்ளே புத்தகங்கள். நாவல், சமையல் குறிப்பு, தோட்டம் போடுவது எப்படி, பைண்டு செய்த வாரப் பத்திரிகைத் தொடர்கதைகள், என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத கூட்டம். வெள்ளியைப் பார்க்க வந்தவர்கள் அந்தப் பெட்டியருகேதான் அதிக நேரம் நின்றார்கள். சிலர் குனிந்து எடுத்துப் புரட்டவும் செய்தார்கள்.

என் புத்தகங்களைச் சாமானோடு வைக்கலாமா என்று என் கல்யாணத்தின்போது நான் கேட்டிருந்தேன். "நீ படிச்ச பொண்ணுன்னு ஊருக்கே தெரியும். பொஸ்தகத்த வேற காட்டணுமாக்கும்" என்றார்கள் அப்பச்சி, என் தகப்பனார். அந்த ஞாபகம் வந்து எனக்கு அங்கேயே வயிறு எரிய ஆரம்பித்தது. அப்புறம் அது அணையவே இல்லை.

கல்யாணமாகிக் கொஞ்ச நாளில் மகனையும் மருமகளையும் வேறு வைப்பது எங்கள் வழக்கம். வீட்டைவிட்டு அனுப்புவது இல்லை. ஒரே வீட்டில், பக்கத்துப் பக்கத்து அறைகளில் இருந்துகொண்டு, தனித்தனி அடுப்பில் சமைக்க வேண்டும். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பதை அப்படியே செய்து காட்டிய ஜனங்கள் நாங்கள்தான். வேறு வைக்கும்போது வீட்டிலிருந்து கொடுத்த அண்டா, குடம், கரண்டி எல்லாவற்றிலும் வீட்டு விலாசம் வெட்டியிருக்கும். விலாசம் என்றால் தபால் விலாசம் இல்லை. பாட்டன், முப்பாட்டன் பெயர்களின் முதல் எழுத்துகள். அதைச் சொன்னால் எந்தக் குடும்பம் என்று ஊருக்குத் தெரிந்துவிடும். அண்ணன் தம்பி வீட்டில் வாழ்க்கைப்பட்டதால் எனக்கும் அவளுக்கும் ஒரே விலாசம். என் குடம் எது, அவள் குடம் எது என்று அடையாளம் இல்லை. நான் ஒரு டப்பா சிவப்பு பெயிண்ட் வாங்கி, என் சாமான் ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு பொட்டு வைத்தேன். பிறகு என் புத்தகங்களின் கடைசிப் பக்கத்திலும் வைத்தேன். அவள் எதிலும் எதையும் வைக்கவில்லை. மாமனார் காலத்து ரப்பர் ஸ்டாம்பு ஒன்று கிடந்தது. அதை எடுத்து விளையாட்டாகத் தன் புத்தகங்களில் விலாசத்தைக் குத்திக்கொண்டாள், அவ்வளவுதான்.

என் புத்தகங்கள் கண்ணாடி பீரோவில் பழுப்பு அட்டை போட்டு, நம்பர் ஒட்டிப் பூட்டியிருக்கும். அவளுடையவை அடுப்படியில் கிடக்கும். அஞ்சறைப்பெட்டி மேல் சாய்த்து வைத்துப் படித்துக்கொண்டே தாளிப்பாள். பக்கம் பக்கமாக மஞ்சள் விரல் பதிந்திருக்கும். எவ்வளவு படித்தோம் என்பதற்கு ஈர்க்குச்சியை ஒடித்து வைப்பாள், சில நாள் கறிவேப்பிலைக் காம்பு. குழம்பு தீய்ந்த நாட்கள் உண்டு. "கதையில ஒருத்தி ஆத்துல விழுந்துட்டா ஆச்சி, அவ கரையேறட்டும்னு பாத்தேன், குழம்பு போச்சு" என்பாள். என்னை ஆச்சி என்றுதான் கூப்பிடுவாள். மூத்தவள் அல்லவா. ஊருக்கு எங்கள் வீட்டுப் பெண்கள் எல்லோருமே ஆச்சிதான்.

என் மாமியாருக்கு எழுத்து வாசனை கிடையாது. மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் வெற்றிலைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவளுடைய அடுப்படிக்குப் போய்விடுவார்கள். இவள் பாத்திரம் துலக்கியபடி ஒரு கதையைச் சொல்வாள், கையைத் துடைத்துக்கொண்டு இரண்டு பக்கம் வாசிப்பாள், மறுபடி துலக்குவாள். சுவருக்கு இந்தப் பக்கம் எம்.ஏ. முதல் வகுப்பு கீரை ஆய்ந்துகொண்டிருக்கும். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டேவிட்டேன்.

"ஏன் அயித்த, எனக்கு வாசிக்கத் தெரியாதா? எங்கிட்ட ஒருநாளு வரக்கூடாதா?"

மாமியார் யோசித்தார்கள். மனம் நோகக்கூடாது என்று யோசித்ததுதான் என்னை இன்னும் நோகடித்தது.

"நீ வாசிச்சா நாளைக்குக் கேள்வி கேப்பேன்னு பயமா இருக்கு ஆத்தா" என்றார்கள்.

வந்த இடத்தில் எனக்கென்று இருந்தது படிப்பு ஒன்றுதான். அழகில் அவள் ஒரு படி மேல். சமையலில் தீய்ந்த குழம்பே என் குழம்பைவிட ருசி. இந்த வீட்டில் படித்தவள் யார் என்று கேட்டால் என்னைக் காட்ட வேண்டும், அது போதும் என்று இருந்தேன். அதையும் ஒரு பத்தாவது தவறியவள் அடுப்படியில் உட்கார்ந்தபடி எடுத்துக்கொண்டாள். எடுத்துக்கொண்டது அவளுக்குத் தெரியக்கூட இல்லை.

இதோடு நின்றிருந்தால் மன்னித்திருப்பேன். அவளுக்கு இன்னொரு குணம் உண்டு. கொடுத்துவிடுவாள். கேட்டபின் கொடுப்பது எல்லோரும் செய்வது. இவள் கேட்கும் முன்பே கொடுப்பாள். யாராவது ஒரு பொருளைக் கொஞ்சம் அதிகமாகப் பார்த்துவிட்டால் போதும், அது அவர்கள் கையில் இருக்கும். பால்காரருக்குப் புத்தகம் கொடுத்தாள், அவர் மகள் படிப்பாள் என்று. மின்கணக்கு எடுக்க வந்தவர் அலமாரியைப் பார்த்தபடி நின்றார், ஒரு நாவலோடு போனார். "ஆத்துல போட்டாலும் அளந்து போடணும் ஆத்தா" என்று மாமியார் சொன்னதற்கு, "பொஸ்தகத்த எதால அயித்த அளக்குறது, படியாலயா?" என்று சிரித்தாள். மாமியாரும் சிரித்தார்கள். நான் சொல்லியிருந்தால் மூன்று நாள் முகம் தூக்கியிருப்பார்கள்.

ஒருமுறை என் புத்தகம் ஒன்றை வாங்கிக்கொண்டு போனாள். ஒரு வாரத்தில் வேண்டும் என்று சொல்லித்தான் கொடுத்தேன். அது சாதாரணப் புத்தகம் இல்லை. டாக்டர் பட்டத்துக்குப் படிக்க வேண்டும் என்று எனக்கு ஒரு எண்ணம் இருந்தது. அதற்காக அந்தப் புத்தகத்தின் ஓரமெல்லாம் பென்சிலில் குறிப்பு எழுதி வைத்திருந்தேன். பெரியவன் பிறந்தான், பிறகு சின்னவள் பிறந்தாள், ஆராய்ச்சி அந்த ஓரங்களோடு நின்றுவிட்டது. வாரம் மூன்றாயிற்று. கேட்டால், "அத ஒரு நர்ஸ் கையில குடுத்துட்டேனே ஆச்சி" என்கிறாள். தேவகோட்டையில் அவள் தங்கைக்குப் பிரசவம் பார்த்த நர்ஸாம். இரவும் பகலும் முழித்துக் கிடந்தாளாம், பாவமாக இருந்ததாம்.

"உன் பொஸ்தகத்தக் குடுக்க வேண்டியதுதான? எம்பொஸ்தகத்த ஏன் குடுத்த?"

"எம்பொஸ்தகம் எல்லாம் அந்தப் புள்ளைக்குப் பத்தாது ஆச்சி. வெவரமான புள்ள. உங்க பொஸ்தகந்தான் சரியா இருந்துச்சு."

பத்து நாள் பேசவில்லை. மதுரைக்கு ஆள் அனுப்பி அதே புத்தகத்தைப் புதிதாக வாங்கி வந்து நீட்டினாள். என் குறிப்புகள் எங்கே என்று கேட்டு வாங்க மறுத்தேன். மறுநாள் தானே பஸ் ஏறித் தேவகோட்டைக்குப் போய், என்னுடையதை வாங்கிவந்தாள். பிரித்தால், என் குறிப்பு ஒவ்வொன்றுக்கும் கீழே அந்த நர்ஸ் பதில் எழுதியிருந்தாள். "இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்" என்று ஓரிடத்தில். "இது உண்மை, எங்கள் வார்டில் பார்த்திருக்கிறேன்" என்று இன்னோரிடத்தில். என் ஆராய்ச்சியை இந்த உலகத்தில் படித்த ஒரே ஆள் அவள்தான். அவளைத் தேடிப் போய்ப் பேசலாமா என்று பலமுறை நினைத்தேன். அவளைக் கண்டுபிடித்தவள் என் ஓரகத்தி என்பதால் போகவில்லை. அப்படியெல்லாம் இருந்திருக்கிறேன்.

வருஷங்கள் போயின. மாமியார் போனார்கள். என் கொழுந்தனாரும் போய்விட்டார். அவள் மகன் கோயம்புத்தூருக்கு வந்துவிடச் சொன்னான், மூட்டு ஆபரேஷனும் அங்கேயே செய்யலாம் என்றான். சரி என்றாள். கிளம்புவதற்கு முன், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், பல்கலைக்கழக நூலகத்துக்குப் போன் செய்து, தன்னிடம் உள்ள புத்தகங்களை எடுத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டிருக்கிறாள். வந்து பார்த்த நூலகர் அம்மாள் அசந்துபோனார். அந்த அம்மாள் தேடிக்கொண்டிருந்த பழைய பதிப்புகள் நாலைந்து, மஞ்சள் விரல் பதிந்து, சமையல் குறிப்புகளுக்கு நடுவில் கிடந்தன. என் பீரோவில் இல்லாத பதிப்புகள். அவை அங்கே இருந்தது எனக்கே தெரியாது. அடுப்படிப் புத்தகம்தானே என்று நான் ஒருநாளும் கிட்டப் போய்ப் பார்த்ததில்லை.

புத்தகத்தோடு விட்டாளா? கல்யாணத்தில் பரப்பிய வெள்ளிச் சாமானையெல்லாம் காரைக்குடிக்குக் கொண்டுபோய் விற்றாள். பணத்தை நூலகத்துக்கே கொடுத்தாள், அலமாரி, ஃபேன், பெண்பிள்ளைகள் உட்கார்ந்து படிக்க மேசை நாற்காலி எல்லாம் வாங்கச் சொல்லி.

"பேரன் கல்யாணத்துக்கு வேணாமா?" என்று கேட்டேன்.

"அவுக காலத்துக்கு அவுக வாங்கிக்கிருவாக ஆச்சி. இதுக பெட்டிக்குள்ளயே கெடந்து வெளிச்சத்தப் பாக்கல. ஃபேனாச்சும் சுத்தும்."

வேன் வந்த அன்று நான் என் பக்கத்து வாசற்படியில் நின்று பார்த்தேன். கட்டுக் கட்டாகப் போயிற்று. ஏற்றுகிற நேரத்தில் டிரைவர் ஒரு புத்தகத்தின் அட்டையைக் கொஞ்சம் அதிகமாகப் பார்த்துவிட்டார். அதை உருவி அவர் கையில் கொடுத்தாள். கொடுத்த நன்கொடையிலிருந்தே இன்னொரு நன்கொடை. நூலகர் அம்மாள் என் கண்ணாடி பீரோவை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "ஆச்சி, நீங்களும் ஏதும் தரலாம்னு நெனச்சா சொல்லுங்க" என்றார்.

"நான் இன்னும் படிச்சுக்கிட்டு இருக்கேன்" என்றேன். அந்தப் பீரோவைத் திறந்து அப்போது ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது.

அந்தப் புத்தகங்களுக்கென்று தனி அறை ஒதுக்கி, யார் பெயரைப் பலகையில் போடுவது என்று நூலகத்தில் கேட்டபோது, "எம்பேரு எதுக்கு? வீட்டு விலாசத்தப் போட்டு ஆச்சின்னு போட்டுக்கங்க" என்று சொல்லிவிட்டாள். அடுத்த வாரம் கோயம்புத்தூருக்கு ரயில் ஏறினாள். சாவியை என்னிடம்தான் கொடுத்தாள்.

இரண்டு மாதம் கழித்து நூலகத்தில் அந்த அறையைத் திறந்தார்கள். அவள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். வீட்டுச் சார்பில் நான் வர வேண்டும் என்று அழைப்பு வந்தது. பச்சைப் பட்டு கட்டிக்கொண்டு போனேன். ஏதோ இரண்டாவது வரிசையில் உட்கார்ந்துவிட்டு வரலாம் என்றுதான் போனேன், சத்தியமாக. மைக்கில் ஒருவர் எங்கள் வீட்டு விலாசத்தைச் சொல்லி, "ஆச்சி அவர்களே, தமிழில் எம்.ஏ. படித்தவர்கள், வாழ்நாளெல்லாம் சேர்த்த செல்வத்தை நமக்குத் தந்திருக்கிறார்கள், மேடைக்கு வாருங்கள்" என்று கூப்பிட்டார்.

எம்.ஏ. என்ற அந்த இரண்டெழுத்து. அதை ஒரு மேடையில் சொல்லிக் கேட்டு எத்தனை வருஷம் ஆயிற்று! நான் எழுந்தேன். நான் இல்லை, என் ஓரகத்தி என்று சொல்வதற்குத்தான் எழுந்தேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். கால்கள் மேடைக்கு நடந்துவிட்டன. பொன்னாடை போட்டார்கள். நூலகர் அம்மாள் ஓரமாக நின்றார். அவருக்கு உண்மை தெரியும், வேன் வந்த அன்று இரண்டு பேரையும் பார்த்தவர். இப்போது வாய் திறப்பார், மானம் போகும் என்று அவரையே பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டு கை தட்டினார். பெரிய மனிதர்களுக்கு முன் திருத்தக் கூச்சப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். பேசினேன். "பெட்டிக்குள் கிடக்கும் வெள்ளி வெளிச்சத்தைப் பார்ப்பதில்லை, ஃபேனாவது சுற்றும்" என்றேன். கைதட்டல் நிற்க நேரமாயிற்று. அவள் வெள்ளி, அவள் புத்தகம், அவள் பேச்சு. தட்டியதெல்லாம் எனக்கு.

மறுநாள் பேப்பரில் உள்ளூர்ப் பக்கத்தில் போட்டோ வந்தது. பத்து மணிக்கு அவளிடமிருந்து போன். இரண்டு தடவை மணியடிக்க விட்டுத்தான் எடுத்தேன்.

"ஆச்சி, போட்டோ பாத்தேன். மகன் போன்ல காமிச்சான். அந்தப் பச்சப் பட்டு உங்களுக்கு எடுப்பா இருக்கு."

"இல்ல, அங்க என்ன ஆச்சுன்னா, அவுக தப்பா..."

"ஃபேன் மாட்டிட்டாகளா ஆச்சி? புள்ளைக உக்கார மேசை வந்துருச்சா?"

"எல்லாம் இருக்கு."

"அப்பச் சரி. நல்லாப் பேசுனீகளாம்ல."

அவ்வளவுதான். ஒரு குத்தல் இல்லை, ஒரு பெருமூச்சு இல்லை. கோபப்பட்டிருந்தால் நானும் திருப்பிக் கோபப்பட்டுச் சமாளித்திருப்பேன். அதற்கும் வழி விடவில்லை. அதன் பிறகு எங்கே போனாலும், "நூலகத்துக்குக் கொடுத்த ஆச்சியா நீங்க?" என்று கேட்டார்கள். நான் ஆமாம் என்று சொன்னதில்லை. இல்லை என்றும் சொன்னதில்லை. கேட்கிற ஒவ்வொரு முறையும் சந்தோஷமாக இருக்கும், அதே நிமிஷம் எரியும். அவளுடைய பொருளை வைத்துக்கொண்டும் அவள்மேல் பொறாமைப்பட ஒருத்தியால் முடியும் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

நாலு வருஷம் அப்படியே ஓடியது. போன வருஷம் ஆடியில் அவள் போய்விட்டாள். காரியங்கள் எல்லாம் முடிந்து கோயம்புத்தூரிலிருந்து திரும்பினேன். ஒரு வாரம் கழித்து ஆட்டோ பிடித்து நூலகத்துக்குப் போனேன். அதே நூலகர் அம்மாள்தான், தலை கொஞ்சம் நரைத்திருந்தது.

"அம்மா, நான் ஒரு உண்மையச் சொல்லணும். பொஸ்தகம் எதுவும் என்னுது இல்ல. பணமும் என்னுது இல்ல. அன்னிக்கு மேடையில நான் சும்மா இருந்துட்டேன்."

"தெரியுமே ஆச்சி" என்றார் அவர்.

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"அந்த ஆச்சிதான் சொல்லிட்டுப் போனாக. வேன் கெளம்புறப்ப என்னையத் தனியாக் கூப்புட்டாக. 'மேடையில ஆள ஏத்துறதா இருந்தா எங்க மூத்த ஆச்சிய ஏத்துங்க. வீட்டுல படிச்சவுக அவுகதான். எம்.ஏ.ன்னு மறக்காமச் சொல்லுங்க. விலாசம் ஒண்ணுதானே, யாரும் கேக்க மாட்டாக'ன்னாக. நான் எழுதியே வச்சுக்கிட்டேன்."

நான் அங்கிருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். அவள் பணத்தில் வாங்கிய நாற்காலி. மேலே அவள் பணத்தில் வாங்கிய ஃபேன். நாலு வருஷமாகத் திருடிவிட்டோம் என்று மறுகிக்கொண்டிருந்தேன். திருடக்கூட அவள் எனக்கு இடம் வைக்கவில்லை. நான் எதை அதிகமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதை என்றோ கவனித்திருக்கிறாள், கேட்கும் முன்பே எடுத்துக் கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். பால்காரருக்கும் டிரைவருக்கும் கொடுத்த மாதிரியே.

அழுதேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. அழுகை ஆட்டோவில் வந்தது.

வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்தேன். அந்த நர்ஸ் பதில் எழுதிய புத்தகத்தை எடுத்தேன். கடைசிப் பக்கத்துச் சிவப்புப் பொட்டை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன், போகவில்லை. அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தேன். மிச்சப் புத்தகங்கள் பீரோவில்தான் இருக்கின்றன. ஒரே நாளில் அவளாக மாற என்னால் முடியாது.

கூடவே ஒன்று கேட்டேன். பலகையில் விலாசத்துக்குப் பக்கத்தில் அவள் பெயரையும் சேர்க்க வேண்டும். நூலகர் அம்மாள் தயங்கினார், அவுக வேண்டாம்னாகளே என்றார். "அவ சொன்னத இந்த ஒண்ணுலயாச்சும் நான் கேக்க மாட்டேன். எழுதுங்க" என்று காகிதத்தை வாங்கி நானே எழுதிக் கொடுத்தேன். பலகை மாறி மூன்று மாதம் ஆகிறது. இப்போது என்னைப் பார்க்கிறவர்கள், "ஓ, அந்த ஆச்சியோட ஓரகத்தியா நீங்க?" என்கிறார்கள். ஆமாம் என்று சொல்கிறேன். இப்போதும் எரிகிறது.

அவள் பெயரை இங்கே நான் எழுதவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். எழுத மாட்டேன். தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் நூலகத்துக்குப் போய்ப் பலகையைப் பார்த்துக்கொள்ளட்டும். அங்கே ஃபேன் இருக்கிறது, உட்கார நாற்காலி இருக்கிறது. மஞ்சள் விரல் பதிந்த ஒரு புத்தகத்தை எடுத்துப் பிரித்தால், அவள் பாதியில் ஒடித்து வைத்த ஈர்க்குச்சி ஏதாவது ஒரு பக்கத்தில் இன்னும் இருக்கும்.